கம்பெனி கொடுத்த பன்

நேற்று சாயங்காலம் இங்கிலீஷ் அகராதியைக் குடைந்துகொண்டிருந்த என் மகள் திடீரென்று திரும்பி, "அப்பா, கம்பெனின்னா என்னா அர்த்தம், சொல்லு?" என்றாள்.

ஓசூரில் பாதி ஆயுசைக் கம்பெனியில் தேய்த்தவனிடம் கேட்கிற கேள்வியா இது! "சோறு போடுற இடம்" என்றேன்.

"கிட்டத்தட்ட கரெக்டுப்பா!"

லத்தீனில் 'கூட' என்பதற்கு ஒரு சொல், 'ரொட்டி'க்கு ஒரு சொல். இரண்டும் சேர்ந்து பிறந்ததாம் கம்பெனி. கூட உட்கார்ந்து ரொட்டி தின்கிறவர்கள். அது பட்டாளத்துக்கு ஆகி, வியாபாரக் கூட்டாளிகளுக்கு ஆகி, கடைசியில் கேட்டும் சங்கும் வைத்த கட்டடத்துக்குப் பெயராகிவிட்டது. கப்பலேறி வந்த வெள்ளைக்காரனும் அதையேதான் பெயராக வைத்துக்கொண்டான். அவன் ரொட்டியோடு நிறுத்தினானா என்பது வேறு கதை. ஒயின்ஷாப் வாசலில் "சும்மா கம்பெனி குடு மச்சி" என்று இழுக்கிறானே, அவன்தான் லத்தீனுக்குக் கொஞ்சமாவது விசுவாசமானவன்.

எனக்கோ மூக்கில் பன் வாசனை ஏறிவிட்டது.

இரண்டாயிரத்துச் சொச்சம். சாத்தூரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து, வண்டிக்குப் பாகம் அடிக்கும் ஒரு கம்பெனியில் புரொபேஷனில் இருந்தேன். காலை பத்து மணிக்கு டீ. டீ எல்லோருக்கும் உண்டு. பன் மட்டும் கம்பெனி ஆட்களுக்கு. கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடையாது. ஒரே மெஷின், ஒரே வேர்வை. ஆனால் காக்கிச் சட்டைக்குப் பன், நீலச் சட்டைக்கு வெறும் டீ. எந்தக் கட்டையில போறவன் மூளையில் உதித்த சட்டமோ!

என்னோடு தகடு அடிக்கும் பிரஸ்ஸில் நின்றவன் வெங்கடேசப்பா, நீலச் சட்டை, என் வயசுதான். வீட்டில் தெலுங்கு, சூப்பர்வைசரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். என்னைத் திட்டுவதற்கு மட்டும் மூன்றும் சேர்ந்து வரும். ஒருநாள் அவன் அப்படிக் கத்தியிருக்காவிட்டால் என் வலது கை பிரஸ்ஸுக்குள் போயிருக்கும். அன்றிலிருந்து பத்து மணிக்கு கம்ப்ரசர் ஷெட்டுக்குப் பின்னால் போய்விடுவோம்.

"கை இருக்குதில்ல? பிச்சுக் குடு குரு" என்பான். பாதி பன் அவனுக்கு.

என் கன்ஃபர்மேஷன் லெட்டருக்கு இரண்டு வாரம் இருந்தபோது, புதிதாக வந்த பர்சனல் ஆபீசர் அங்கே வந்து நின்றார். நீலச் சட்டைக்காரன் கையில் பன்!

"ஏதுய்யா இது? யாரு குடுத்தா?"

வெங்கடேசப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான்தான் சார் எடுத்துக்கினேன். ட்ரேல இருந்திச்சி."

என் வாயில் பன் இருந்தது. விழுங்கிவிட்டுப் பேசியிருக்கலாம். விழுங்கினேன். பேசவில்லை. அவன் கையில் ஒரு பாதி, என் கையில் கடித்த மறுபாதி. ஆபீசருக்குக் கண் என்ன பொட்டையா? ஆனால் காக்கியை அனுப்பினால் பேப்பர் வேலை அதிகம். நீலத்துக்கு கேட் பாஸைப் பிடுங்கினால் போதும். அன்றைக்கே பிடுங்கினார்கள்.

எனக்கு லெட்டர் வந்தது. வெட்கம் கெட்டவன், லட்டு வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது அந்தக் கம்பெனியே இல்லை. ஷெட், கேட், சங்கு எல்லாம் போய், பத்து மாடியில் ஃபிளாட்டுகள். அவனைத் தேடலாம் என்று எத்தனையோ தரம் கிளம்பியிருக்கிறேன். வேப்பனப்பள்ளி பஸ்ஸில் ஏறுவான், அவ்வளவுதான் தெரியும். எந்த ஸ்டாப்பில் இறங்குவான் என்று நான் கேட்டதே இல்லை.