மேலேயே நின்றுவிட்ட மருந்து

அக்காவுக்குத் தோல் உரியத் தொடங்கியபோது நான் சென்னையில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். அவளைச் சாலவாக்கம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். முதலில் முழங்கை, பிறகு முதுகு, தலை. சொரியாசிஸ், யாருக்கும் ஒட்டாது என்றார் டாக்டர். இருந்தும் நடவுக்குப் போன இடத்தில் அவளுக்குத் தனித் தண்ணீர் பாட்டில் வைத்தார்கள். வயலில் சேலைக்கு மேல் போடும் முழுக்கைச் சட்டையை அவள் வீட்டிலும் கழற்றாமல் இருக்கப் பழகினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டார்கள். சில மாதங்களில் தோல் தெளிந்தது. கண்ணாடி வளையல் வாங்கிக் கை நிறையப் போட்டுக்கொண்டாள். அடுத்த மழைக்காலத்தில் இருமலும் காய்ச்சலுமாகப் படுத்தாள். டி.பி. அந்த ஊசி உடம்பு முழுவதும் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும். உள்ளே அடங்கிக் கிடந்த கிருமி எழுந்துவிட்டது. டி.பி. குணமாயிற்று. ஊசியை நிறுத்தியதால் தோல் பழையபடி உரிந்தது.

அதற்குள் எனக்கு ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. தோலிலேயே தங்கியிருக்கும் எதிர்ப்புச் செல்களின் மேல் ஏற்பிகள் உண்டு. அவற்றில் ஒரு குறிப்பிட்ட புரதம் வந்து சேர்ந்தால் செல் சீறிக்கொண்டு எழும், தோல் உரியத் தொடங்கும். புரதத்துக்கு முன்னால் போய் அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும் மூலக்கூறை வடிவமைப்பதுதான் எங்கள் வேலை. களிம்பாகப் பூசினால் தோலோடு நிற்க வேண்டும், மற்ற உடம்பைத் தொடக்கூடாது. இரண்டு வருடம் கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றிப் பார்த்ததில் ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது.

சோதிக்க நோயாளிகளின் தோல் துணுக்கு தேவைப்பட்டது. அக்காவிடமும் கேட்டேன்.

“என் தோலா? இத்த வச்சிக்கினு இன்னாடி பண்ணப் போற?”

“மருந்து உள்ள போவுதான்னு பாக்கணும்க்கா.”

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். “எடுத்துக்க. எல்லாரும் தள்ளித் தள்ளிப் போறாங்க. நீயாச்சும் வேணும்னு கேக்கறியே.”

எல்லோருடைய துணுக்கிலும் ஒரே கதைதான். மூலக்கூறு பெரிது, தோலின் மேலேயே நின்றுவிட்டது. அதைச் சிறிதாக்கினேன். உள்ளே போனது, ஆனால் ஏற்பியில் ஒட்டவில்லை. மறு வருடம் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

போனில் சொல்ல மனம் வராமல் நேரில் போனேன். அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

“கல்யாணத்துக்குள்ள மருந்து வந்துடுமாடி?”

“வராதுக்கா. அது சரியா வரல.”

“சரி வுடு. நாஷ்டா துன்னியா?” என்று உள்ளே போனாள். வெகு நேரம் அடுப்படியிலிருந்து வரவில்லை.

உத்திரமேரூர் மண்டபத்தில் நலங்கு வைக்க அவளைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அவள் கையையே பார்த்தார்கள். மஞ்சள் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தாள்.

“நீ வெய்டி. அவங்க பாத்துக்கினே கீறாங்க.”

“நீதான்க்கா வைக்கணும்.”

அவள் பின்கட்டுக்குப் போய்விட்டாள். நான் மஞ்சளைத் தொட்டுப் பெண்ணின் கன்னத்தில் வைத்தேன்.

“அம்மா எங்க சித்தி?” என்று கேட்டவள் என் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். பிறந்த வீட்டை விட்டுப் போகிற அழுகை என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.