அஞ்சு மணிக்குள் நீர்கொழும்பு

அட்டைப்பெட்டியின் மேல் ஊர்ப் பெயரை ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது தோன்றியது. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிப்பது என் வேலை. எந்தப் பெட்டியில் எத்தனை சுருள், எடை எவ்வளவு, எந்தத் துறைமுகம் என்று தட்டச்சு செய்து, ஆள் வராத நாட்களில் நானே பெட்டியில் ஒட்டியும் விடுவேன். அன்றைக்குக் கொழும்பு. எம்.காம். படித்த நான் கையெல்லாம் பசையோடு இங்கே நிற்கிறேன், புண்ணில் சுற்றுகிற துணி கடல் தாண்டிப் போகிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டேன். பாஸ்போர்ட் இன்னும் செல்லுமா என்பதைச் சாப்பிட்ட பிறகுதான் பார்த்தேன். செல்லும்.

"இலங்கையெல்லாம் ஒரு வெளிநாடாக்கும்?" என்றார்கள் ஆபீஸில். இவர்கள் வருடத்துக்கு ஒருமுறை குற்றாலத்துக்கு வேன் பிடித்துப் போய், ஈரத் துண்டோடு திரும்பி வந்து, ஒரு வாரம் அதைப் பற்றியே பேசுகிறவர்கள்.

தனியாகப் போவது எப்படி என்று கற்றுக்கொள்ள முப்பது வீடியோவாவது பார்த்திருப்பேன். மலை உச்சியில் ஒரு பெண் தன்னந்தனியாக நடந்து போகிறாள், தனிமை தன்னை எப்படி மாற்றியது என்று பின்னணியில் குரல் வருகிறது. அவ்வளவு தூரத்தில் நின்று அவளைப் படம் பிடிப்பது யார் என்று மட்டும் அவள் சொல்வதேயில்லை.

வீட்டில் சொன்னபோது அப்பா கோபப்படவில்லை. பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்து இப்போது வன்னியம்பட்டியில் விவசாயம் பார்க்கிறவர். எதையும் கட்டளையாகவோ நிபந்தனையாகவோதான் பேசுவார்.

"போ. ஆனா அங்கன என் சேக்காளி மருமகன் இருக்கான். ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போவான். அவன் வீட்டுலயே இருந்துட்டு வா."

"அதுக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல சித்தி வீட்டுக்குப் போகலாமேப்பா. தனியாப் போறதுன்னா தனியாப் போகணும்."

"தனியான்னா என்னட்டி? யாரு ஒதவியும் இல்லாமலா?"

"ஆமா. யாரு உதவியும் இல்லாம."

வாய்க்கொழுப்பு. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். இறங்குகிற அன்று மாலை ஐந்து மணிக்குள், ஒருவரிடமும் ஒரு ரூபாய் வாங்காமல், ஒருவர் வண்டியிலும் ஓசியில் ஏறாமல், நீர்கொழும்பில் நான் பதிவு செய்திருக்கும் விடுதிக்குப் போய் அங்கிருந்து போட்டோ அனுப்ப வேண்டும். அனுப்பினால் அந்த நண்பரின் மருமகன் வர மாட்டார், இனி எந்த ஊருக்கு நான் தனியாகப் போனாலும் வீட்டில் கேள்வி கிடையாது. தவறினால் ஆறு மணிக்கு அவர் காரில் வந்து என்னை அள்ளிக்கொண்டு போவார். பயணத்தின் நான்கு நாளும் அவர் வீட்டில் விருந்தாளி. தனிப் பயணம் என்ற பேச்சும் அத்தோடு முடிந்தது. சரி என்றேன். விமான நிலையத்திலிருந்து அந்த ஊருக்குப் பஸ்ஸில் அரைமணி நேரம்தான். இதற்குப் போய் ஒரு பந்தயமா?

போகிற அன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் மதுரை பஸ் ஏற்றிவிட வந்த அம்மா, என் முதுகுப்பையின் ஜிப்பைத் திறந்து அரைக்கிலோ பால்கோவாவைத் திணித்தாள். அந்தப் பையை வாங்க நான் இரண்டு மாதம் ஆராய்ச்சி செய்திருந்தேன். மழை புகாது, இடுப்புப் பட்டை உண்டு, மலையேறுகிறவர்கள் வைத்துக்கொள்வது. அதற்குள் இப்போது நெய் கசிந்துகொண்டிருந்தது.

விமானத்தில் பாதிப் பேர் தலையில் மஞ்சள் தொப்பி. எங்கள் பக்கத்து ஆட்கள்தான். இலங்கைக் கோயில்களைப் பார்க்கக் கூட்டமாகக் கிளம்பியிருந்தார்கள். சமையல்காரரையும் கூடவே கூட்டிவந்திருந்தார்கள். வெளிநாடு போய், காலையில் பொங்கல், மதியம் சாம்பார், ராத்திரி தோசை சாப்பிட்டு, எந்த ஊர் என்றே தெரியாமல் திரும்பி வருகிற திட்டம். பக்கத்து இருக்கையில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்கார அம்மா ஒருத்தி, மல்லிகைப் பூவுக்கு மேலேயே தொப்பியை மாட்டியிருந்தாள்.

"ஏட்டி, ஒத்தையிலயா வார?"

"ஆமா."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்ல."

"பொறவு எதுக்கு ஒத்தையில போற?"

இந்தக் கேள்விக்குள் இருக்கும் நியாயத்தை நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

"எங்க வேன்ல ஒரு சீட்டு சும்மாதான் கெடக்கு. நீர்கொழும்பு வழியாத்தான் போறோம், எறக்கி விட்டுருதோம். புளியோதரை இருக்கு, திங்கியா?"

"வேண்டாம்த்தே. எனக்கு வழி தெரியும்."

வழி தெரியாது. ஆனாலும் ஓசி வேனில் ஏறக் கூடாதே.

கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறங்கியபோது மணி இரண்டரை. குடியேற்றக் கவுண்டரில் இருந்தவர், தனியாகவா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன், ஒத்திகை பார்த்து வைத்திருந்த குரலில். அவர் அடுத்த கேள்வி கேட்பார், நானும் ஒரு நல்ல பதில் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவர் முத்திரையைக் குத்திவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். ஒரு புது நாட்டுக்குள் நுழைவது ரேஷன் கடையில் விரல் வைப்பதைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஏடிஎம்மில் பணம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் அதே வெயில், அதே ஆட்டோ. எங்கே மேடம், எங்கே மேடம் என்று அதே கேள்வி. பரவசம் வரும் என்று வீடியோக்களில் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தாகம்தான் வந்தது. பின்னால் வந்த மஞ்சள் தொப்பிகள் குளிர்சாதன வேனில் ஏறிக் கையசைத்தார்கள். நான் கூகுள் மேப்பை வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைத் தேடி இரண்டு முறை எதிர்த்திசையில் நடந்தேன். சிவப்பு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது நாலு மணி ஐந்து நிமிடம். நேரம் தாராளமாக இருந்தது.

கண்டக்டர் வந்தார். நீர்கொழும்பின் ஆங்கிலப் பெயரான நிகம்போவைச் சொன்னேன், ஒரு விரலைக் காட்டி. மெஷினில் டிக்கெட் அடித்துக் கொடுத்தார். வாங்கி, மடித்து, போன் உறைக்குள் செருகிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் நகரவில்லை.

சிங்களத்தில் ஏதோ சொன்னார். நான் சிரித்தேன். இன்னொரு தரம் சொன்னார். டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வன்னியம்பட்டியிலிருந்து ராஜபாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறவள் நான். எங்கள் ஊரில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. ஏறுவோம், கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார், வாங்கிக்கொண்டு வெளியே வேடிக்கை பார்ப்போம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாளும் நான் பஸ்ஸுக்குக் காசு கொடுத்ததில்லை. அன்று காலை மதுரை பஸ்ஸுக்குக்கூட, ஏற்றிவிட வந்த அம்மாதான் கண்டக்டரிடம் காசைக் கொடுத்திருந்தாள். பஸ் என்றால் காசு என்பதே என் கைக்கு மறந்துபோயிருந்தது. முப்பது வீடியோவில் ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை.

உறைத்ததும் பர்ஸைத் திறந்தேன். ஏடிஎம் கொடுத்ததெல்லாம் ஐயாயிரம் ரூபாய்த் தாள். ஒன்றை நீட்டினேன். கண்டக்டர் அதைத் தொடவே இல்லை. பஸ்ஸுக்கே கேட்கும்படி ஏதோ சொன்னார், மொத்த பஸ்ஸும் சிரித்தது. மொழி தெரியாவிட்டாலும் அது தெளிவாகப் புரிந்தது. அடுத்த நிறுத்தத்தைக் கையால் காட்டினார். அங்கே இறங்கினால் சில்லறை மாற்றி, இன்னொரு பஸ் பிடித்து, ஐந்து மணிக்குள் போக முடியாது.

பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் ஏதோ ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் அடையாள அட்டை. ஷிப்ட் முடிந்து போகிறவள். காதிலிருந்து இயர்போனைக்கூடக் கழற்றாமல் ஒரு தாளை எடுத்துக் கண்டக்டரிடம் கொடுத்தாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். பால்கோவாப் பொட்டலத்தையாவது கொடுக்கலாம் என்று பையை அவிழ்ப்பதற்குள் அவள் இறங்கிப் போய்விட்டாள்.

நாலே முக்காலுக்கு விடுதி. பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே அப்பா கூப்பிட்டார்.

"பரவால்லட்டி. அவன வர வேண்டாம்னு சொல்லிருதேன்."

அதோடு போனை வைத்திருக்கலாம். மலை உச்சியில் தனியாக நடந்தவள் வைத்திருப்பாள்.

"அப்பா, பஸ்ல ஒரு பொண்ணு எனக்கு டிக்கெட்டுக்குக் காசு குடுத்துச்சு."

"ஏன், நீ காசு கொண்டுட்டுப் போகலியா?"

"இருந்துச்சு. சில்லறை இல்ல."

"நம்மூரு டவுன் பஸ்ஸுன்னு நெனச்சு ஏறிட்டியோ?" என்றார்.

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த அம்மா என்ன என்ன என்று கேட்பது கேட்டது.

"தோத்துட்டேன்ப்பா."

"ஆமா. ஆறு மணிக்கு அவன் வருதான், கெளம்பி இரு."

சொன்னபடி ஆறு மணிக்குக் கார் வந்தது. அடுத்த நான்கு நாளும் கொழும்பை அந்தக் காரின் பின்சீட்டுக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். நல்ல மனிதர்கள், அதுதான் கொடுமை. குறை சொல்லவே வழியில்லை. கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள், கடலைக் காட்டினார்கள், ஏசி போய்விடும் என்று கண்ணாடியை இறக்க விடவில்லை. மூன்று வேளையும் அவர்கள் வீட்டுத் தோசையும் சாம்பாரும். எனக்குத் தலையில் ஒரு மஞ்சள் தொப்பிதான் பாக்கி.

ஊருக்கு வந்து ஒரு மாதம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். பேச்சே கிடையாது என்பதுதானே ஒப்பந்தம் என்றார் அப்பா. தோற்றதைச் சொன்னதே நான்தானே, அதற்காக இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்றேன். அவர் மோட்டார் போடப் போய்விட்டார். திரும்பி வந்து, "எந்த ஊரு?" என்றார்.

இந்த முறை கண்டி. விமானம் இறங்குகிற இடத்திலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல், மலைப்பாதை. கெடு இரவு எட்டு மணி கேட்டேன், இருட்டுகிறதற்குள் என்கிறார். ஏழுக்குச் சம்மதிக்க வைத்துவிடுவேன். நாளைக்கு ஆபீஸில் லீவு எழுதிக் கொடுக்கப்போகிறேன்.