பிளீச்சிங் குடித்த குங்குமப்பூ

போன வெள்ளிக்கிழமை குறிகட்டுவானில் நயினாதீவுப் படகு ஏறினேன். மடியில் ஒரு பூச்சாடி. அதற்குள் நுனி பழுத்த நாலைந்து மெல்லிய இலைத் தாள்கள். வேறொன்றுமில்லை.

ரிக்கற் குடுக்கிறவர் குனிந்து பார்த்தார்.

"என்ன அண்ணை, அம்மனுக்கு வெங்காயமோ?"

பக்கத்தில் இருந்த சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

அது வெங்காயமில்லை. குங்குமப்பூ. என் மனைவி நட்டது.

கனடாவில் இருக்கிற மகள் யாரிடமோ சொல்லி எடுப்பித்து அனுப்பிய கிழங்குகள். கூடவே ஒரு பைக்கற் பவுடர்.

"அம்மா, இது உரமில்லை. உயிருள்ள சாமான். மண்ணிலை இருக்கிற நல்ல பக்ரீறியா. வேரோடை ஒட்டியிருந்து செடிக்குச் சாப்பாடு எடுத்துக் குடுக்கும்" என்று போனில் விளங்கப்படுத்தினாள்.

எனக்குப் பக்ரீறியா என்றால் வயிற்றோட்டம்தான் ஞாபகம் வரும். அதிலே நல்லதும் இருக்கிறதா? ஆனால் மனைவி உடனே பிடித்துக்கொண்டாள். கிழமைக்கு ஒருக்கால் ஒரு கரண்டி பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் சர்க்கரையும் போட்டு ஊற்றுவாள்.

"என்னப்பா, உன்ரை பிள்ளையளுக்குத் தேத்தண்ணியோ?" என்று பகிடி பண்ணுவேன்.

"ஓம். உங்களைப் போலயில்லை. அதுகள் குடிச்சிட்டு வேலையும் செய்யுதுகள்."

முதல் பூ நயினாதீவு அம்மனுக்கு என்று நேர்த்தி வைத்தாள். முளை தலைகாட்டிய கையோடு ஒருநாள் காலமை, நெஞ்சு நோகுது என்றாள். வாகனம் வந்து வாசலில் நிற்க... அவள் போய்விட்டாள்.

நேர்த்தி மட்டும் கிடந்தது. செத்தவர் வைத்த நேர்த்தியை இருக்கிறவர் செய்து முடிக்காவிட்டால் மனம் ஆறுமா? சாடியை நான் கையேற்றேன்.

முப்பத்தோராம் நாள் செத்த வீட்டுத் துடக்குக் கழிக்க இறுப்பிட்டியிலிருந்து என் அக்கா வந்தா. வீடு கழுவி, குசினி கழுவி, கிணறும் இறைப்பித்தா. புதிதாக ஊறின தண்ணீருக்குள் பிளீச்சிங் பவுடரும் போட்டா. அன்றைக்கு மட்டுமில்லை — பிறகு வந்து போகும்போதெல்லாம் போட்டா.

"செத்த வீட்டுக்கு வந்த சனமெல்லாம் அள்ளின கிணறு. என்ரை தம்பிக்கு ஒரு வருத்தம் வரக்கூடாது."

நான் அந்தத் தண்ணீரில்தான் பவுடரைக் கரைத்தேன். கிழமை தவறாமல். சர்க்கரையும் போட்டு, திருநீறு பூசி, ஒரு தேவாரமும் சொல்லி ஊற்றினேன். தாள்கள் பழுத்தன. இன்னும் ஒரு கரண்டி கூட்டினேன். பவுடர்தான் முடிந்தது.

மகளுக்குப் போனில் சாடியைக் காட்டினேன்.

"அப்பா, என்ன தண்ணியிலை கரைச்சனீங்கள்?"

"எங்கடை கிணத்துத் தண்ணிதான்."

"குளோரின் கிளோரின் போட்டதோ?"

முதுகுக்குப் பின்னால் அக்கா நின்றா. இல்லைப் பிள்ளை என்று சொல்ல நான் வாயெடுக்க, அவ முந்திவிட்டா.

"நான்தான் பிள்ளை போட்டனான். அள்ளி அள்ளிப் போட்டனான். ஏன்?"

மகள் சாடியைக் கிட்டக் காட்டச் சொல்லிப் பார்த்தாள்.

"ஒண்டுமில்லை மாமி... குளோரின் நல்லது கெட்டது பாக்காது. அம்மாவின்ரை பக்ரீறியாவும் செத்திருக்கும். ஆனா, உங்கடை சூட்டுக்குக் குங்குமப்பூ பூக்கிறது எப்பிடியும் கஷ்டம்தான்."

கடைசிச் சொல் அக்காவின் காதில் ஏறவில்லை. குசினி வாசலில் குந்திவிட்டா.

"அவள் தண்ணி வாத்து வளத்த சீவனுகளை நானல்லோடா கொன்றுபோட்டன்..."

செத்த வீட்டில்கூட அவ இப்படி அழவில்லை. என்ன சொல்லித் தேற்ற? என்னில் வைத்த பாசத்தால் செய்த காரியம் அல்லவா?

நீங்களும் யோசித்துப் பாருங்கள். துடக்குக் கழிக்கிறோம் என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறோம். சாவை வீட்டுக்கு வெளியே துரத்துகிறோமாம். அதோடு சேர்ந்து என்னென்ன சீவன் வெளியே போகிறது என்று பார்க்கிறோமா? மனைவியின் சேலை மணம்கூட அந்தக் கிழமையோடு என் வீட்டை விட்டுப் போய்விட்டது.

பிறகு அக்காவும் நானும் மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றினோம். நாலைந்து தாள் தப்பியது. பூ வரவில்லை. வருசம் திரும்பி ஆட்டைத் திவசமும் கிட்டவந்துவிட்டது. அதுதான் சாடியைத் தூக்கிக்கொண்டு படகேறினேன்.

"ஐயா, அவ நேர்ந்த பூ வரேல்லை. மண்தான் கொண்டந்தனான்" என்றேன் கோயில் ஐயரிடம். நடந்ததையும் சொன்னேன்.

அவர் சாடியைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"பின்பக்கம் செவ்வரத்தை நிக்குது. அதின்ரை அடியிலை கொட்டுங்கோ. இந்த மண்ணிலை ஏதும் சீவன் மிஞ்சியிருந்தா அந்தச் செடிக்குச் சேரட்டும். பிறகு அதிலை பூக்கிற முதல் பூவை உங்கடை மனிசியின்ரை பேர் சொல்லி அம்மனுக்குச் சாத்திறன்."

கிழங்கும் மண்ணுமாகக் கையாலேயே அள்ளி வைத்தேன். கால் கழுவும் பைப்புக்குப் போனேன். நகத்துக்குள் மண் இருந்தது. கழுவ மனம் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

திரும்பி வரும்போதும் அதே படகு. அதே மனிசன்.

"என்ன அண்ணை, வெறுஞ்சாடி? வெங்காயத்தை வித்துப்போட்டியளோ?"

"ஓம் தம்பி" என்றேன். "அம்மன் எடுத்திட்டா."