ஐந்தா, ஆறா? கண்டிகைக் கல்குவாரியில் இரண்டு நாள்

போர் ஓய்ந்த மறுவருஷம், மாசி மாதம். எங்கள் அச்சகத்தில் சங்கம் வைப்பதா வேண்டாமா என்று ஒரே சச்சரவு. புதிதாகச் சேர்ந்தவர்கள், "இங்கே என்ன குறை?" என்றார்கள். ஏழெட்டு வருஷம் எழுத்துக் கோத்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரே கூரை, ஒரே வேலை. ஒருவருக்கு இனிப்பது இன்னொருவருக்கு ஏன் கசக்கிறது? மற்ற தொழில்களில் எப்படி என்று விசாரித்து எழுதச் சொல்லி, பிழை திருத்துபவனான என்னை நண்பர்கள் அனுப்பினார்கள். நான் திருத்தணியைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று வருஷத்துக்கு முன்பு முடியிறக்கப் போனபோது, அங்கே சிலரிடம் பொழுதுபோகாமல், வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டிருந்தேன். அவர்களையே மறுபடி பார்க்கலாம் என்று எண்ணம்.

சென்னையில் காலை ஆறரைக்கு வண்டி. மூன்றாம் வகுப்பு, ஒரு ரூபாய் இரண்டணா. மணவூர்வரை நின்றுகொண்டே போனேன். அரக்கோணத்தில் வண்டி மாற முக்கால் மணி காத்திருக்க வேண்டும். அங்கேயே இட்லி சாப்பிட்டுவிடுவது நல்லது. திருத்தணியில் இறங்கும்போது பத்து நாற்பது. சத்திரத்தில் ஓர் அறை நான்கணா.

ஸ்டேஷனை ஒட்டித் தண்டவாளம் பார்க்கும் ஆட்கள் இருவரைத் தேடிப் பிடித்தேன். முன்பு வெயிலைத் திட்டித் தீர்த்தவர்கள். இப்போது குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். சண்டைக் காலத்தில் எடுத்த ஆட்களைக் குறைக்கப்போவதாகப் பேச்சு. "அப்போ வெயிலுதான் பெரிய கஷ்டம்னு நெனச்சிகினு இருந்தோம் சார்," என்றார் ஒருவர். மலைப்படியில் டோலி தூக்குகிறவரோ சிரித்தார். "கிருத்திகைன்னா சந்தோஷம், மத்த நாளு பசி. அன்னிக்கும் அப்டித்தான், இன்னிக்கும் அப்டித்தாங்க." முந்நூற்றறுபத்தைந்து படி ஏறி இறங்கியதில் என் முழங்கால்தான் கெஞ்சியது.

பிற்பகல் ஒன்றரைக்கு ஜட்கா பிடித்தேன். கே.ஜி.கண்டிகை போகும் வழியில் நான்கு மைல் தாண்டினால் ஒரு கல்குவாரி. போய்வரப் பன்னிரண்டணா. குத்தகைக்காரர் பெயர் இங்கே வேண்டாம். பன்னிரண்டு பெண்கள் ஜல்லி உடைக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு அங்கே வேலைக்கு வந்து இரண்டே வாரமான மங்கம்மா என்பவர், "வயல்ல பாதி வருஷம் வேலையே கெடையாது. இங்க தெனமும் கீது. சந்தோஷமாத்தான் கீறேன் சார்," என்று சொல்லியிருந்தார். அந்த முகம் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

இப்போது என்னைப் பார்த்ததும் தலையசைத்தார், சிரிக்கவில்லை. இடது கண்ணோரம் ஒரு தழும்பு. "எப்படியிருக்கிறீர்கள்?" என்றேன். "கீறேன்," என்றார். கல்லைத் திருப்பிப்போட்டுச் சுத்தியலை ஓங்கினார்.

அவர் பக்கத்தில் எஸ்தர் என்ற பெண். கண்டிகைக்காரி, வேலைக்கு வந்து பத்து நாள். அவள் பேச்சை நிறுத்தவே இல்லை. பாறைக்கு வெடி வைக்கப்போவதாகச் சொல்லி எல்லாரையும் புளியமரத்துக்குப் பின்னால் அனுப்பினார்கள். அங்கேயும் என் அருகில் உட்கார்ந்துகொண்டாள். "ரொம்ப நல்ல வேலை சார். எங்க ஊட்டுக்காரரு கூட, நீ முன்ன மாதிரி இல்ல, சிரிச்சிகினே கீறேன்னு சொல்றாரு."

நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். வெடிகள் ஒவ்வொன்றாக அதிர்ந்தன. பிறகு அமைதி.

மேஸ்திரி கோபால், வெடிக்கு அடையாளமாக ஏற்றியிருந்த சிவப்புத் துணியை இறக்கினார். சாயங்காலக் கூட்ஸ் வண்டி வருவதற்குள் ஜல்லியை ஸ்டேஷனில் சேர்த்தாக வேண்டும் என்று நான் வந்ததிலிருந்தே அவருக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. "எறங்குங்க, எறங்குங்க!"

யாரும் அசையவில்லை.

"ஆறு குழில மருந்து வெச்சாங்க. அஞ்சு சத்தந்தான் கேட்டுது," என்றார் மங்கம்மா.

"ரெண்டு ஒண்ணா வெடிச்சிருக்கும்மே!"

"வெடிக்கல. போன வருஷமும் இப்டித்தான் சொன்னே. காமாட்சி கை போச்சி. இன்னிக்கி எம்மா நேரமானாலும் நா எறங்க மாட்டேன்."

கோபால் சுற்றிலும் பார்த்தார். அவர் கண் என்மேல் நின்றது. "சார், நீங்க படிச்சவரு. சொல்லுங்க, எத்தினி சத்தம்?"

பன்னிரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சந்தோஷத்தைப் பற்றி விசாரிக்க வந்தவன், அந்தச் சத்தங்களை எண்ணவே இல்லை. ஐந்து என்று சொல்லியிருக்கலாம். பொய்யாக இருந்தாலும் நல்ல பொய். ஆனால் வாயில் வந்தது, "நான் கவனிக்கவில்லை," என்பதுதான்.

"கேட்டீங்களா? பட்டணத்து சாருக்கே தெரியல. இவளுக்கு மட்டும் தெரியுமாம்!"

எஸ்தர் எழுந்தாள். "நா போறேங்க," என்று கூடையை இடுப்பில் வைத்தாள். பத்து நாள் வேலை; அதை இழக்கப் பயம். அவள் பத்தடி போயிருப்பாள், மங்கம்மா ஓடிப்போய் முந்தானையைப் பிடித்தார்.

"உடு அக்கா! என்னை ஏன் தடுக்கறே?"

"அம்மாடி, சொன்னா கேளு."

எஸ்தர் திமிறினாள். கூடை அவள் கையிலிருந்து நழுவிச் சரிவில் உருண்டு பாறையோரம் போய் நின்றது. அதை எடுக்க இறங்கப்போனவளை மங்கம்மா இரண்டு கையாலும் பின்னால் இழுக்க, இருவரும் மண்ணில் விழுந்தார்கள். நான் எழுந்து நின்றேன், எதற்கு என்று தெரியாமல்.

அப்போது வெடித்தது.

புழுதி அடங்கச் சற்று நேரமானது. கூடை கிடந்த இடத்தில் ஆட்டுரல் பருமனுக்கு ஒரு கல் கிடந்தது. எஸ்தருக்கு முழங்கை சிராய்ப்பு மட்டும். அவள் அழவில்லை, மங்கம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தவள் வெகுநேரம் விடவில்லை. கோபால் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, சிவப்புத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரும் அவரைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அச்சமாக இருந்தது.

அன்றைய ரயிலை விட்டுவிட்டேன். மறுநாள் காலை எட்டுக்கு மறுபடி போனபோது, வேலைக்கு இடைஞ்சல் செய்தார் என்று மங்கம்மாவை இனி வரவேண்டாம் எனக் குத்தகைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். மற்ற பதினொரு பேரும் சுத்தியலைத் தொடாமல் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் எஸ்தர். கோபால் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். "அக்கா வந்து எண்ணட்டும். அப்பறம் எறங்கறோம்," என்றாள் அவள். முந்தின நாள் பேசிய பெண்ணின் குரலே அல்ல அது. பதினோரு மணிக்கு மங்கம்மாவை அழைத்துவர வண்டி போனது.

இந்தமுறை நான் நடந்ததை நடந்தபடி எழுதி, என் பெயரையும் ஊரையும் போட்டு, குத்தகைக்காரரிடம் சேர்க்கச் சொல்லிக் கோபால் கையில் கொடுத்தேன். முந்தின நாள் சொல்லாமல் விட்டதற்கு அது ஈடாகாது. இருந்தாலும் மங்கம்மா அதைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டார்.

ரயிலில் திரும்பும்போது யோசித்தேன். வருஷம் ஏற ஏறச் சலிப்பு வந்துவிடுகிறது என்றுதான் எங்கள் அச்சகத்தில் எல்லாரும் நினைக்கிறோம். மங்கம்மாவுக்கு வந்தது சலிப்பல்ல. அந்தப் பாறை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எஸ்தருக்கு அது தெரியப் பத்து நாள் பிடித்தது. டோலிக்காரரின் சந்தோஷத்தைப் பஞ்சாங்கம் தீர்மானிக்கிறது, தண்டவாளக்காரர்களுடையதை ஆள்குறைப்பு. எல்லாரையும் ஒரே முழக்கோலால் அளக்கப் போன என் கேள்விதான் அரைகுறை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அரக்கோணத்திலேயே தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். ஜட்காவுக்குப் பேசும்போது காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். குவாரிப் பக்கம் சிவப்புத் துணி இறங்கினாலும் அங்குள்ள பெண்கள் எழுந்த பிறகே எழுந்திருங்கள். யாரிடமாவது வேலை எப்படி என்று கேட்டால், எத்தனை நாளாக அதைச் செய்கிறார் என்பதையும் கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போது உங்கள் நோட்டைப் பார்க்காதீர்கள்.