பிரதிவாதி வீட்டில் இருக்கிறார்

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்ததும் அழுவார்கள், மீதிப் பேர் திட்டுவார்கள். சலவைக்கடை அக்கா இரண்டையும் செய்யவில்லை. என் சட்டைக் கையைப் பார்த்து, "இது மை. வெந்நீர் ஊத்திடாதீங்க, ஆயுசுக்கும் போகாது" என்றார். வக்கீலம்மாவிடம் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. விவாகரத்து கேட்டு வந்த இடத்தில் எனக்கு யோசனை சொன்ன முதல் ஆள் இவர்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். அன்று ஏனோ வரவில்லை.

பெரிய சலவைக்கடை ஒன்றின் பின்னறையில் கறை எடுப்பது அவர் வேலை. துணியைக் கொடுக்கிறவர்கள் என்ன பொய் சொன்னாலும் அவருக்குத் தெரிந்துவிடும். பழரசம் என்று எழுதிக் கொடுப்பார்கள். மோந்து பார்த்துவிட்டு, பேசாமல் ரத்தத்துக்கான பச்சைத்தண்ணீர்த் தொட்டியில் போடுவார். அவருடைய கணவர் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர், கை நீட்டுகிற ஆள். எட்டு வருஷத்துக்கு முன் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மத்தியானம் கிளம்பியவர், திரும்பி வரவே இல்லை. அப்போது மகளுக்கு ஆறு வயது.

"அதான் போயிட்டாரே, இப்ப எதுக்கு விவாகரத்து?" என்று கேட்டேன். வக்கீலம்மா என்னை முறைத்தார்.

"திரும்பி வந்தார்னா கதவைத் திறக்காம இருக்கணும். அதுக்கு ஒரு பேப்பர் வேணும்" என்றார் அக்கா. "போலீஸ்ல கேட்டுப் பார்த்தேன். புருஷன் தன் வீட்டுக்கு வந்தா நாங்க என்னம்மா பண்றதுன்னு சொல்லிட்டாங்க."

வக்கீலம்மா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் படிப்படியாக எழுதிக் காட்டினார். கைவிட்டுப் போனார் என்று மனு போடுவோம். கோர்ட் அவருக்குச் சம்மன் அனுப்பும். வந்தால் பதில் சொல்லட்டும். வராவிட்டால் அவர் இல்லாமலே விசாரிப்பார்கள். நீங்களும் ஒரு சாட்சியும் சொல்கிறதைக் கேட்டுத் தீர்ப்பு வரும். மகள் உங்களிடமே இருக்கவும் அதிலேயே கேட்டுவிடலாம். "தேதி தள்ளித் தள்ளிப் போகும். நீங்க தளர்ந்துடக் கூடாது, அவ்வளவுதான்."

சம்மன் கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்குத்தான் போகும். கணவரின் கடைசி விலாசம் அக்காவின் வீடேதான். ஆள் இல்லை என்று கோர்ட் ஊழியர் எழுதிக் கொடுப்பார், மேலே போகலாம் என்றிருந்தோம். மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. நான்தான் முதலில் படித்தேன்.

"பிரதிவாதி வீட்டில் இருக்கிறார். வாசலில் அவருடைய செருப்பு உள்ளது. உள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது. பலமுறை அழைத்தும் வெளியே வரவில்லை. எதிர்க்கடைக்காரரும் அவர் அங்கு வசிப்பதை உறுதி செய்தார்."

அக்காவுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து நேரே வீட்டுக்கே போனேன்.

ஒரே சுவரை ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகள். நல்ல வெயில், தெருவில் ஈ காக்கை இல்லை. வாசலில் ஆம்பளைச் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. பெரிய பாதம், குதிகாலில் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தது. கொடியில் கட்டம் போட்ட சட்டை ஒன்று இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினேன். உள்ளே யாரோ இருமினார்கள். குட்டையாக இரண்டு, பிறகு தொண்டையைக் காறி இழுத்து நீளமாக ஒன்று. என் கால் தானாகப் பின்வாங்கியது.

கதவைத் திறந்தது அக்காதான். முகத்தில் காயம் எதுவும் இல்லை.

"எப்ப வந்தார்?" என்று கிசுகிசுத்தேன்.

"யாரு?"

உள்ளறையில் மறுபடி இருமல். அக்கா திரும்பி, "போதும்டி, நம்ம வக்கீலாபீஸ் அக்காதான்" என்றார். பள்ளிக்கூட உடுப்போடு பதினாலு வயதுப் பெண் கையில் நோட்டோடு வெளியே வந்தாள். "அன்னைக்கு யாரோ ஒரு ஆள் தட்டினாரு. அம்மா வேலைக்குப் போயிருந்தாங்க. அவர் போறவரைக்கும் விடாம இருமினேன்" என்றாள், பெருமையாக.

கணவர் போன இரண்டாம் மாதம் எவனோ ஒருவன் வெளியே நின்று தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தானாம். மறுநாளே அக்கா கணவர் விட்டுப்போன செருப்பை எடுத்து வாசலில் வைத்தார். பிறகு வாராவாரம் அவர் சட்டையை நனைத்துக் கொடியில் போட்டார். செருப்பு பழசானதும் அதே அளவில் புதுசு வாங்கி, அவர் நடக்கிற மாதிரியே குதிகாலைத் துவைக்கல்லில் தேய்த்துத் தேய்த்து வைத்தார். யார் தட்டினாலும் ஒரு இருமல். மகளுக்கு அப்பா முகம் மறந்துவிட்டது. இருமல் மட்டும் அம்மாவிடம் கற்றுக்கொண்டாள், அம்மாவை விட நன்றாகவே.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க" என்றார் அக்கா. "வேலை முடிஞ்சு வர்றப்போ அந்தச் செருப்பைப் பார்த்ததும் கால் வாசல்லயே நின்னுடுது. நான் வச்சதுதான்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் உள்ள அவர் உட்கார்ந்திருக்கார்னு நினைச்சுத்தான் தினமும் கதவைத் தள்ளுறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அக்காவை அலுவலகத்துக்கு வரச் சொல்லி, நடந்ததையெல்லாம் வக்கீலம்மா கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார், "நடந்ததை அப்படியே சத்தியப் பிரமாணமா எழுதிக் கொடுக்கணும். செருப்பு, சட்டை எல்லாத்தையும் எடுத்துடணும். ஆள் எங்கே இருக்கார்னு தெரியலைன்னு பேப்பர்ல அறிவிப்பு போடணும், உங்க கதவுலயும் ஒட்டணும்."

அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "வீட்டுல ஆம்பளை இல்லைன்னு ஊருக்கே சொல்லணுமா?"

"ஆமா."

"அவரும் படிப்பாரே?"

"அவர் படிக்கணும்னுதாம்மா போடறது."

எனக்கு வந்ததே கோபம். எட்டு வருஷம் கட்டிக் காத்ததை இவரே பிரித்துப் போட வேண்டும், பிறகுதான் காப்பாற்றுவார்கள் என்றால் இது என்ன சட்டம் என்று கத்தினேன். வக்கீலம்மா நிதானமாக, பாதுகாப்பு உத்தரவுக்கும் சேர்த்தே மனு போட்டுவிடலாம் என்றார். அக்கா இரண்டு நாள் அவகாசம் கேட்டார். மூன்றாம் நாள் செருப்பையும் சட்டைகளையும் பையில் போட்டுக் கொண்டுவந்து என் மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, "போடுங்க" என்றார்.

அறிவிப்பு வந்த பிறகு முப்பது நாள் காத்திருந்தோம். அந்த முப்பது நாளும் அந்தப் பையில் என் கால் படும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு முறை அலுவலக போன் அடித்தது. எடுத்தால் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டு, பிறகு வைத்துவிட்டார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. அங்கே வீட்டில், யாராவது கதவைத் தட்டினால் அந்தப் பெண் வாயைத் திறந்துவிட்டு, அம்மாவைப் பார்த்து மூடிக்கொள்வாளாம்.

விசாரணை நாள். பிரதிவாதியின் பெயரைத் தாழ்வாரத்தில் நின்று மூன்று முறை கூப்பிடுவது வழக்கம். மூன்று முறையும் பதில் வராவிட்டால் வரவில்லை என்று குறித்துக்கொள்வார்கள். கோர்ட் சேவகர் கம்பீரமாக முதல் முறை கூப்பிட்டார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் முறை கூப்பிட்டார். அக்காவின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. மூன்றாம் முறை கூப்பிட்டதும் கடைசியில் இருந்த ஒரு ஆள் எழுந்து எங்களை நோக்கி நடந்து வந்தார். அவர் எங்களைத் தாண்டித் தண்ணீர் குடிக்கப் போனார்.

உள்ளே நீதிபதி பழைய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நம்பாமல்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "இருமல் கேட்டதுன்னு கோர்ட் ஊழியரே எழுதியிருக்கார். எதிர்க்கடைக்காரரும் சொல்லியிருக்கார். அவர் இல்லைன்னு சொல்ல யாராவது இருக்காங்களா?"

இருந்தார். பக்கத்து வீட்டு நர்ஸம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரில் பார்த்துவிட்டுத் தானாக எங்களிடம் வந்தவர். அவர் இல்லை என்பது தனக்கு எட்டு வருஷமாகத் தெரியும் என்று எங்களிடம் சொன்னதையே கூண்டில் ஏறியும் சொன்னார்.

"அந்த வீட்டுக்குள்ள போயிருக்கீங்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்லைங்க. ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்."

"அப்போ இருமல் உங்களுக்கும் கேட்டிருக்குமே?"

"கேட்கும். ஆனா அதுக்கப்புறம் ஒண்ணும் கேட்காது. அவர் இருந்தப்போ இருமினதும் அடி ஆரம்பிக்கும்." நர்ஸம்மா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "அவசர சிகிச்சையில முப்பது வருஷம் இருந்தவ நான். எந்த அடி உடம்புல எங்கே விழுதுன்னு சத்தத்தை வச்சே சொல்லிடுவேன். அவர் போன அன்னையிலிருந்து ஒரு அடிகூடக் கேட்கலை."

"முன்னாடி எவ்வளவு காலம் கேட்டீங்க?"

"ஏழு வருஷம்."

"அப்போ என்ன செஞ்சீங்க?"

"டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேங்க" என்றார் நர்ஸம்மா.

நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். அன்று மாலையே தீர்ப்பு வந்தது. விவாகரத்து உண்டு, மகள் தாயிடமே இருப்பாள், அந்த ஆள் அந்த வீட்டுப் பக்கம் வரக் கூடாது. அக்கா கேட்ட பேப்பர் கிடைத்துவிட்டது.

படிக்கட்டில் நர்ஸம்மா நின்றுகொண்டிருந்தார். மன்னிப்பு கேட்க வாயெடுத்தார். அக்கா ஒரு படி கீழே இறங்கி அவர் எதிரில் நின்றார்.

"உங்க டிவி சத்தம் எனக்குக் கேட்கும் நர்ஸம்மா. அது அவ்வளவு சத்தமா ஓடுறப்போ எங்க வீட்டுச் சத்தம் உங்களுக்குக் கேட்காதுன்னு நினைச்சுத்தான் வாயில வச்சிருந்த துணியை எடுத்துட்டுக் கத்துவேன்."