மறுநாள் காலைவரை தாங்கும் மாத்திரை

மற்றவர்கள் கையில் இன்று காலை கட்டிய பட்டியை நாளைக் காலை அவிழ்ப்பதுதான் என் தொழில். கண்டியில் ஓர் இருதய கிளினிக்கில் பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன். பட்டி மேல்கையில் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் இடுப்பில் தொங்கும் சின்ன மெஷினுக்குப் போகும். பகலில் அரை மணிக்கொரு தடவை, இரவில் மணிக்கொரு தடவை பட்டி தானாக ஊதிக் கையை இறுக்கி, பிரஷரைப் பதிந்துகொள்ளும். ஊதும்போது கையைத் தொங்கவிட்டு, அசையாமல், பேசாமல் இருக்க வேண்டும். மீறினால் மெஷின் கோபித்துக்கொண்டு மறுபடியும் ஊதும். அந்தந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதியும் வர வேண்டும்.

எதற்கு இந்தப் பாடு? காலையில் விழுங்கிய மாத்திரை மறுநாள் காலைவரை தாங்குகிறதா என்று பார்க்கத்தான். சில மாத்திரைகள் பின்னேரத்துக்கே களைத்துவிடும். சில, விடியும் நேரத்தில் கைவிடும். ஒருவருக்குச் சரிவந்தது அடுத்தவருக்குச் சரிவராது. ஆகவே டொக்டர் ஒரு மாத்திரையைக் கொடுத்து ஒரு நாள் கட்டுவார். சில வாரம் கழித்து வேறொன்றைக் கொடுத்து இன்னொரு நாள் கட்டுவார். இரண்டு கிராபையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எது தேவலை என்று முடிவு செய்வார்.

பிரஷர்காரர்களே, உங்கள் அவஸ்தையைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் உங்கள் கட்சிதான். என் மனைவி ராணி, ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள குவைத்துக்குப் போய் நாலு வருடம். அவள் போன அதே வருடம் எனக்கு பிரஷர் வந்தது. மகளின் படிப்புக்காகப் போனவள். மகள் படித்து முடித்து, கொழும்பில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். நாவலப்பிட்டி வீட்டில் இப்போது நான் மட்டும். விடியற்காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, யாரும் இல்லாத வீட்டைப் பார்த்து "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறேன். ராணி வந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் என் ஆசை. ஆனால் வா என்று நான் சொன்னதில்லை. அவளாக முடிவெடுக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தேன். பெரிய மனசு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

நிற்கிறாள்

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பாக்கியம் என்று ஒரு அக்கா வந்தார். கொழுந்து எடுப்பவர். மாத்திரை காலையில் நன்றாகத்தான் வேலை செய்கிறது, பின்னேரம் கொழுந்து நிறுக்கப் போகும் நேரத்தில் தலை சுற்றுகிறது என்றார். வேலை நாளில் பார்த்தால்தான் விஷயம் தெரியும் என்று டொக்டர் சொன்னதால், வேலைக்குப் போகிற நாளிலேயே கட்டி அனுப்பினேன். எழுதத் தெரியாது என்று தயங்கினார். யாரிடமாவது கொடுத்து எழுதச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் கொடுத்தது மலையில் வேலை வாங்கும் கங்காணியிடம். மறுநாள் அந்தத் தாளைப் பார்த்தேன். "9.30 நிற்கிறாள். 10.00 நிற்கிறாள். 10.30 மறுபடியும் நிற்கிறாள்." மத்தியானத்துக்குப் பிறகு கங்காணிக்கு எழுதவே வெறுத்துப்போயிருக்க வேண்டும். வெறும் கோடுகள் மட்டும் போட்டிருந்தார். கிராபில் பின்னேரம் பிரஷர் ஏறியிருந்தது உண்மைதான். டொக்டர் இன்னும் நீண்ட நேரம் தாங்குகிற மாத்திரைக்கு மாற்றி எழுதினார். நான் பட்டியை அவிழ்த்தேன். அக்கா கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு எழும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, முப்பது வருஷமா அந்த மலையில வேல செய்றேன். எதிர்த்தாப்ல இருக்குற மலைய நேத்துதான் நின்னு பாத்தேன். இன்னொரு நாளைக்குக் கட்டி விடுங்களேன்."

மிச்சம் ரெண்டு கோல்

அக்குறணையில் புடவைக் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகளைப் புத்தளத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். அவர் குடித்தது ஒரு நாளைக்கு மூன்று நேரம் போடும் பழைய மாத்திரை. நோன்பு வரப்போகிறது, பகல் மாத்திரைக்கு என்ன செய்வது என்று டொக்டரிடம் கேட்க வந்தார். டொக்டர் ஒரு நேரம் மட்டும் போடுகிற மாத்திரைக்கு மாற்றினார். மாற்றுவதற்கு முன் ஒரு நாள், மாற்றிய பிறகு ஒரு நாள் என்று இரண்டு தடவை கட்டினேன்.

பழைய கிராப் பல்லு விழுந்த வாய் மாதிரி இருந்தது. ஒவ்வொரு மாத்திரைக்கும் இடையில் ஏறி இறங்கியிருந்தது. புதியது ஒரே சீராகப் போயிருந்தது. நாள் முழுக்க, இரவும் சேர்த்து. எனக்கே சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் அவருக்கு முன்னால் விரித்துக் காட்டினேன். பார்த்தார், தலையாட்டினார். முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. என்ன ஹாஜியார், நல்லதுதானே என்றேன்.

"கிராப் நல்லாத்தான் ஈக்குது தம்பி. முந்தி மூணு நேரமும் 'வாப்பா, மருந்து குடிச்சீங்களா'ண்டு மகள் போன்ல கோல் எடுப்பா. இப்ப காலையில ஒண்ணுதான். மிச்சம் ரெண்டு நேரத்துக்கும் சும்மா ஒரு விட்டமினாவது எழுதித் தரச் சொல்லுங்களே."

இருமலும் வீக்கமும்

யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்காக வந்து, ஓய்வு பெற்ற பிறகும் பேராதனைப் பக்கத்திலேயே தங்கிவிட்ட ஒரு தம்பதி. ஐயா போஸ்ட்மாஸ்டர், அவர் மனைவி பள்ளிக்கூட ரீச்சர். இருவருக்கும் பிரஷர். ஐயாவுக்கு அம்லோடிப்பின், ரீச்சருக்கு எனலாப்ரில். அம்லோடிப்பினில் சிலருக்குக் கால் வீங்கும், எனலாப்ரிலில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். இவர்களுக்கு இரண்டுமே வந்தன. ஐயாவின் காலைக் காட்டி ரீச்சர் சிரிப்பார். ரீச்சர் இருமினால் ஐயா, "உதுதான் உம்மடை திறமான குளிசை" என்பார். இருமல் பெரிதாக இல்லாததால் குளிசையை, அதாவது மாத்திரையை, மாற்ற ரீச்சர் சம்மதிக்கவில்லை. மாற்றினால் தோற்றதாகிவிடும் அல்லவா? ஒரே நாளில் இருவருக்கும் கட்டி விடு, யாருடைய குளிசை விடியும்வரை தாங்குகிறது என்று பார்ப்போம் என்று பந்தயம் வேறு. கட்டினேன். இரண்டு கிராபும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. இருவரும் டொக்டரை நம்பாமல் என்னைக் கூப்பிட்டு மறுபடியும் பார்க்கச் சொன்னார்கள்.

போன வருடம் ஐயா இறந்துபோனார். பிரஷரால் அல்ல, வேறு நோய். சில மாதம் கழித்து ரீச்சர் தனியாக வந்தார். இருமல் கூடியிருந்தது. இனி இந்தக் குளிசை வேண்டாம், மாற்றத்தான் வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மாற்றுவதற்கு முன் ஒரு தடவை கட்டிப் பார்க்க என்னிடம் அனுப்பினார். ஐயா உட்காரும் கதிரையை விட்டுவிட்டு ரீச்சர் அடுத்ததில் உட்கார்ந்தார். நான் ஏற்கெனவே கட்டிய பட்டியை மறுபடியும் சரிசெய்துகொண்டிருந்தேன். அவர்தான் பேசினார்.

"தம்பி, மாத்துறதெண்டால் அவர் போட்ட குளிசையைத் தரச் சொல்லுங்கோ. கால் வீங்கினால் வீங்கட்டும்."

வெள்ளிக்கிழமைப் பார்சல்

இனி என் கதை. எனக்கு விடியற்காலையில் பிரஷர் ஏறுகிறது என்று டொக்டர் கண்டுபிடித்து, இரண்டு மாதத்துக்கு முன் மாத்திரையை மாற்றினார். புதியது தாங்குகிறதா என்று பார்க்க என் கையில் நானே பட்டியைக் கட்டிக்கொண்டேன். அது ஒரு வெள்ளிக்கிழமை. ராணிக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அந்த நேரத்தில்தான் பேசுவாள். கிளினிக் பின்னறையில் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. நெட் சரியில்லாததால் குரல் மட்டும்.

"மேடம் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. இன்னைக்கே சொல்லணுமாம். நான் என்னங்க சொல்லட்டும்?" என்றாள். வாய் வழக்கமான பதிலுக்குத் தயாராகிவிட்டது: ஒன் இஷ்டம் ராணி, நீயே யோசிச்சுச் செய். சொல்ல வாயைத் திறந்தேன். பட்டி ஊதத் தொடங்கியது. பதினோரு வருடமாக ஊரெல்லாம் பேசாதே, அசையாதே என்று அதட்டியவன் அல்லவா, வாய் தானாக மூடிக்கொண்டது.

"இருக்கீங்களா?" என்றாள். "கோவமா?" என்றாள். காற்று இறங்கியது. அப்பாடா என்று நினைப்பதற்குள், பட்டி கட்டிய கையால் பார்சலை நகர்த்தியதாலோ என்னவோ, மெஷின் பிழை காட்டிவிட்டு மறுபடியும் ஊதியது. அந்த மௌனத்தில் ராணி சொல்லத் தொடங்கினாள். "போன தடவ இதே மாதிரி கேட்டேன். டக்குன்னு ஒன் இஷ்டம்னீங்க. அன்னைக்கு முழுக்க அழுதேன். இந்த மனுஷனுக்கு நான் இல்லாட்டியும் ஒண்ணுமில்ல போலன்னு நெனச்சுதான் கையெழுத்துப் போட்டேன்." என் பெரிய மனசு எங்கள் இருவருக்கும் இரண்டு வருடத்தைத் தின்றிருக்கிறது. அவள் வாசலில் வந்து நின்றால் போதும் என்று ஏங்கிக் கிடந்தவன் நான். அதை ஒரு தடவையாவது அவளிடம் சொன்னேனா? இறுகிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கண்ணீர் பார்சல் சோற்றில் விழுந்தது.

காற்று இறங்கியது. மூக்கை உறிஞ்சினேன். அது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். "ராணி" என்று தொடங்கினேன். அவள் விடவில்லை.

"போதும். இப்ப எதாச்சும் பேசிக் கெடுத்துறாதீங்க. நான் கையெழுத்துப் போடல, வர்றேன்."

டொக்டரின் சந்தேகம்

கையில் பட்டி இருந்த விஷயத்தை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு நேரே என் தாளில் "மதியச் சாப்பாடு" என்று எழுதினேன். பொய் எழுதாதீர்கள் என்று ஊருக்குப் புத்தி சொல்கிறவன் நான், மன்னித்துக்கொள்ளுங்கள். டொக்டர் பழைய கிராபையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புதிய மாத்திரை விடியும்வரை அழகாகத் தாங்கியிருந்தது. மத்தியானம் மட்டும் ஒரு மலை. அதன்மேல் பேனாவை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சாப்பாட்டுல அப்படி என்னப்பா போட்டிருந்துச்சு?"

ராணியின் ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டேன். டிக்கெட் திகதியைப் போனில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். போன வாரம் டொக்டர் மறுபடியும் என் கையில் கட்டச் சொன்னார், அந்தக் கிராபைப் பார்த்துவிட்டு மருந்துத் துண்டில் இன்னொரு மாத்திரையையும் சேர்த்து எழுதினார். நாலு வருடப் பிரிவை ஒற்றை மாத்திரையோடு தாங்கிக்கொண்ட என் பிரஷர், அவள் வருவதற்கு இருக்கிற மூன்றே மூன்று மாதத்தைத் தாங்க இரண்டு மாத்திரை கேட்கிறது.