வெர்னா மறைத்த வாய்

வெர்னா கோஸ்ட்யுக் யாரென்றால், மரமறுக்கும் ஆலைக்கு மூன்று விரலைக் கொடுத்துவிட்டு வந்த பீட்டரின் மூத்த மகள். பீட்டரின் கொழுந்தியாள் மகன்தான் பொக்லைன் ஓட்டும் ரோல்ஃப். அவனுக்கு ஒரே மகள், அன்னிகா. மற்ற சொந்தமெல்லாம் கனடாவின் இந்த வான்கூவர் தீவு முழுக்கச் சிதறிக் கிடக்கிறது, அது இங்கே வேண்டாம்.

அவளும் வேலை பார்த்த அந்த ஆலையை மூடியபோது வெர்னாவுக்கு நாற்பத்தெட்டு. அடுத்த ஒன்பது வருஷம் மண்வெட்டியும் ரம்பமுமாக ஒற்றையாளாய் மலைச்சரிவில் சைக்கிளில் பாய்ந்து இறங்கி விளையாடும் தடம் வெட்டினாள். எங்கள் பக்கத்தில் தடம் வெட்டுகிறவர்கள் அதன் வாயை, அதாவது நுழைகிற இடத்தை மட்டும், வெளியாள் கண்ணில் படாமலிருக்க வெட்ட மாட்டார்கள். முதல் நாற்பது அடி பெரணியும் பாசியும் அப்படியே கிடக்கும். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தாண்ட வேண்டும். வெட்டியவர் காட்டினால்தான் வழி.

அந்தச் சரிவை அதன் சொந்தக்காரர்கள் வீடு கட்ட விற்றுவிட்டார்கள். மரம் சரித்து மண் தோண்டும் வேலை ரோல்ஃபுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வெர்னாவின் வாசலில் வந்து நின்றான்.

"உன் தடத்துக்கு வாய் எங்க இருக்கு? நாளைக்கு பொக்லைன் ஏறுது. யாரும் வராம கயிறு கட்டி மறிக்கணும்."

"எனக்கு என்ன தெரியும்?"

"அப்போ ஒன்பது வருஷமா அங்க காளானா பொறுக்கின?"

"ஆமா. சூப்பு வேணுமா?"

"வெர்னா, எவனாவது வந்து விழுந்து சாவான்."

"நீ ஏறாம இருந்தா எவனும் சாக மாட்டான். என் மலையைத் தோண்டித்தான் ரொட்டி திங்கணுமா உனக்கு?"

"உன் மலையா? பத்திரம் யார் பேர்ல இருக்கு?"

மண்வெட்டிக் காம்பு அவன் வாயில் இறங்கியது. இரண்டு பல் படியில் உருண்டது. அவன் அவளைத் தூக்கித் தூணில் மோதினான். விலா முறிந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. அப்போதும் அவள் விடவில்லை, அவன் மணிக்கட்டை ரத்தம் வரக் கடித்தாள். அவன் துப்பிக்கொண்டே வண்டியேறிப் போனான். சொல்லாதவரை தடம் தன்னுடையது என்று நினைத்தாள் வெர்னா.

ரோல்ஃப் சரிவுக்குப் போகும், தனக்குத் தெரிந்த இரண்டு பாதைகளில் கயிறு கட்டினான். மறைவான வாயை வெர்னா என்றைக்கோ அன்னிகாவுக்குக் காட்டிவிட்டாள் என்பது அவனுக்குத் தெரியாது. திங்கட்கிழமை அன்னிகா நனைமோ நகரத்தில் வேலையில் இருப்பாள் என்றுதான் வெர்னா நினைத்திருந்தாள்.

அன்னிகாவோ, தடம் போவதற்குள் கடைசியாக ஒருமுறை இறங்கிவிட வேண்டுமென்று லீவு போட்டு வந்திருந்தாள். ஏழாவது வளைவில் பலகைப் பாலம் இருந்த இடத்தில் பொக்லைன் தோண்டிய பள்ளம். சைக்கிளோடு பறந்துபோய் பொக்லைனின் இரும்புப் பல்லில் மோதினாள். தொடை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. ஏதோ மான் என்று நினைத்துக்கொண்டே இறங்கினான் ரோல்ஃப். மகளின் தலைக்கவசத்தைப் பார்த்தபின் இடுப்பு வாரைக் கழற்றித் தொடையை இறுக்கிக் கட்டி, ரோடு வரை தூக்கிக்கொண்டு ஓடினான்.

மறுநாள் மறுபடியும் வெர்னாவின் வாசலுக்கு வந்தான். பல் போன வாயில் பேச்சு குழறியது.

"கால் தங்கும்னுட்டாங்க. ரெண்டு அங்குலம் குறையுமாம்."

வெர்னா விலாவைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"எந்த வழியா வந்தா?"

வெர்னா இயந்திர ரம்பத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ரம்பத்தைக் கிளப்ப அதன் கயிற்றை இழுத்த ஒவ்வொரு தரமும் விலா குத்தியது. தடத்தின் வாய்க்குப் பக்கத்தில் நின்ற தேவதாருவை வழி அடைபடக் குறுக்கே சாய்த்தாள். பெரணி நசுங்கி, ஒன்பது வருஷம் யார் கண்ணிலும் படாத மண் வெளியே தெரிந்தது.

ரோல்ஃப் கயிறு கட்டி முடித்துத் திரும்பினான்.

"இன்னும் ரெண்டு வாய் இருக்கு. வா" என்றாள்.